ஒற்றை நாற்காலி

"பனி அந்தப் பக்கம் இருக்குப்பா. நீ என்ன இங்கயே பாத்துட்டு நிக்கிறே?" என்று குல்மார்க்கில் என் மகள் கேட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது தலைக்கு மேலே வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்த ரப்பர் டயர்களை. வங்கி தரும் பயணச் சலுகையில் நான்கு வருஷங்களுக்கு ஒருமுறை தேசத்தின் ஏதாவது ஒரு மூலைக்குப் போய்வரலாம். என் மனைவி காஷ்மீரைத் தேர்ந்தெடுத்தது பனிக்காக. நான் மறுப்புச் சொல்லாமல் சம்மதித்ததற்குக் காரணம், பொமா என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் சாதனங்களோடு 1998இல் அங்கே ஓடத் தொடங்கிய கோண்டோலா. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

நிலையத்துக்குள் வரும் ஒவ்வொரு கூண்டும் வடத்தை விட்டுவிடுகிறது. கூண்டின் உச்சியிலிருக்கும் பிடியின் நெம்புகோலை ஒரு தண்டவாளம் அழுத்த, பிடி வாய் திறக்கிறது. வடம் தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்க, கூண்டு மட்டும் டயர்களில் உரசி, தணிந்து, மனிதன் நடக்கும் வேகத்துக்கு வருகிறது. ஆறு பேர் ஏறுகிறார்கள். அடுத்த வரிசை டயர்கள் அதை மறுபடியும் வடத்தின் வேகத்துக்குத் தள்ளிவிட, பிடி வாயை மூடிக்கொள்கிறது. இரண்டு வேகங்களும் ஒத்துப்போய்விட்டால் உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒன்றும் தெரியாமலிருப்பதற்காகத்தான் அத்தனை இயந்திரமும். மலையைப் பார்த்தபடி அவன் போய்விடுகிறான்.

பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கு லிஃப்ட் என்பது உச்சிக்குப் போகும் வழி; அவ்வளவுதான். சறுக்கி இறங்குவதே அவர்களுக்கு விஷயம். ஆனால் ஏறுவதற்காகவே மலைக்குப் போகிற ஒரு கூட்டம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. சிலர் சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டுவதுகூட லிஃப்டில் ஏற அனுமதி கிடைக்கும் என்பதற்காகத்தான் என்று சந்தேகிக்கிறேன். எந்த வருஷம், எந்தக் கம்பெனி, எத்தனை தூண், மோட்டார் மேலே இருக்கிறதா அடிவாரத்திலா, பிடி நிலையானதா கழன்றுகொள்வதா என்றெல்லாம் எழுதிவைக்கிறார்கள். ஸ்போகேன் நகரத்து ரிப்லெட் கம்பெனியின் நாற்காலிகளில் பிடி வடத்தை வெளியிலிருந்து கவ்வுவதில்லை, வடத்தின் இழைகளுக்கு நடுவில் செருகப்பட்டிருக்கும் என்பதை நான் இவர்கள் எழுதியதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். சுரங்கங்களிலிருந்து தாதுவைக் கொண்டுவரும் கம்பிப் பாதைகளை அமைத்துப் பழகிய அந்தக் கம்பெனி 2003இல் மூடப்பட்டது. பழைய லிஃப்டைக் கழற்றும்போது நாற்காலிகளை ஏலத்தில் எடுத்துப்போய் வீட்டு முன்வாசலில் ஊஞ்சலாகத் தொங்கவிடுகிறவர்களும் இவர்களில் உண்டு. கவிதை எழுதாமல் கவிதை இயங்கும் விதத்தைப் பற்றியே பதினைந்து வருஷங்களாக எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இவர்களிடம் ஒரு பங்காளி உணர்வு ஏற்பட்டதில் ஆச்சரியமில்லை.

நாற்காலி லிஃப்ட் வாழைத்தாரிலிருந்து பிறந்தது. யூனியன் பசிபிக் ரயில்வேயில் ஜேம்ஸ் கர்ரன் என்றொரு என்ஜினீயர். முன்பு கப்பலில் வாழைத்தார் ஏற்றுவதற்கான கொக்கித் தொடர்களை வடிவமைப்பதில் ஈடுபட்டிருந்தவர். ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்குத் தலத்தை ரயில்வே கட்டியபோது, கொக்கியில் தாருக்குப் பதில் நாற்காலியை மாட்டி மனிதனை உட்காரவைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஓமஹாவில் லாரியின் பக்கவாட்டில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, காலில் சக்கரம் கட்டிய ஆளை அது பின்னாலிருந்து வந்து அள்ளிக்கொள்ள எந்த வேகம் சரி என்று சோதித்தார்கள். 1936இல் சன் வேலியில் அது மனிதர்களை ஏற்றத் தொடங்கியது. சரக்குக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் முழங்காலின் பின்புறத்தில் நாற்காலி வந்து இடிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் இருந்தது. தார் புகார் சொல்லாது.

அந்த இடியை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டான். பழைய மாதிரி லிஃப்டில் நாற்காலி வடத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருப்பதால் ஏறுகிறவனுக்காக அது வேகம் குறைக்காது. ஆகவே ஏறுமிடத்தில் நிற்கும் ஊழியர் வருகிற நாற்காலியைக் கையால் பிடித்து, ஒரு அரைக் கணம் இழுத்து நிறுத்தி, ஆள் உட்கார்ந்ததும் விடுகிறார். நாள் முழுக்க, ஒவ்வொரு நாற்காலிக்கும். 1981இல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் டாப்பல்மயர் கம்பெனி நான்கு பேர் அமரும் கழன்றுகொள்ளும் லிஃப்டை நிறுவிய பின், குல்மார்க்கில் நான் பார்த்த அந்த டயர்களைப் போன்றவை இந்தக் கையின் வேலையை எடுத்துக்கொண்டன. வடம் நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடலாம். ஏறுகிறவன் அவசரப்பட வேண்டாம். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்கிறவனுக்கு அந்த ஊழியரின் தோள்பட்டை என்ன பாடுபட்டிருக்கும் என்பது தெரியும்.

வடத்துக்கு ஆரம்பமும் முடிவும் இல்லை. இரண்டு நுனிகளையும் பிரித்து, ஆறு புரிகளையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, புரிகளின் நுனிகளை நடுவிலுள்ள கருவின் இடத்தில் புதைத்து வளையமாக்குகிறார்கள். அந்தப் பின்னலின் நீளம் வடத்தின் விட்டத்தைப்போல் குறைந்தது 1,200 மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. நாற்பது மில்லிமீட்டர் வடத்துக்கு 48 மீட்டர். இத்தனை நீளத்துக்குப் பின்னிய இணைப்பு, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது.

இந்த ரசிகர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு குணம் உண்டு. மேற்கு அமெரிக்காவில் யான் என்ற பெயரில் லிஃப்டுகள் செய்த ஒரு கம்பெனி இருந்தது. மெல்லிய தூண்கள், சுத்தமான கோடுகள். அழகென்றால் அதுதான் என்று இன்றும் எழுதுகிறார்கள். அதே பக்கத்தில், 1985இல் கொலராடோவின் கீஸ்டோனில் உச்சியிலிருந்த பெரிய சக்கரத்தின் வெல்டிங் விட்டுப்போனதையும், 1995இல் கனடாவின் விஸ்லரில் நாற்காலிகள் வடத்தில் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று மோதியதையும், ஒவ்வொன்றிலும் இருவர் இறந்ததையும் எழுதுகிறார்கள். அழகுக்கு ஒரு பத்தி, முறிவுக்கு ஒரு பத்தி. ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை. தமிழில் நமக்குப் பிடித்த கவிஞனைப் பற்றி இப்படி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். நான் எழுதியதில்லை என்பதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

வெர்மான்ட் மாநிலத்தில் மேட் ரிவர் கிளென் என்ற மலை. 1948இல் அங்கே அமைத்த லிஃப்டில் ஒரு நாற்காலிக்கு ஒரே ஆள். ஏறத்தாழ 2,000 அடி உயரத்துக்கு, பக்கத்தில் பேச ஆளின்றி, தனியாகப் போக வேண்டும். 1995இல் அங்கே சறுக்குகிறவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து மலையை வாங்கினார்கள். லிஃப்ட் கிழடாகி, மாற்றியாக வேண்டிய கட்டம் வந்தபோது, இருவர் அமரும் லிஃப்ட் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. ஒற்றை நாற்காலியே போதும் என்று தீர்மானித்தார்கள். 2007இல் தூண்களைக் கழற்றி, துருவைச் சுரண்டி, சாயமடித்து, புதிய அடித்தளங்களில் திரும்பவும் நிறுத்தினார்கள். புதிய லிஃப்டுகள் மணிக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் ஆட்களை ஏற்றும்போது இது ஐந்நூறு பேர் அளவில்தான் ஏற்றும். அதிகம் பேர் உச்சிக்குப் போனால் அந்தக் குறுகலான தடங்களில் பனி தாங்காது என்பது அவர்கள் வாதம்.

நான் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பத்திரிகையில் (இப்போது நின்றுவிட்டது) முந்நூறு பிரதிகளை ஆயிரமாக்கலாமா என்ற பேச்சு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியர் வீட்டு மொட்டைமாடியில் நான் இந்த லிஃப்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். எத்தனை பேரை ஏற்றுகிறோம் என்பதல்ல, மலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதே கேள்வி என்றேன். ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. முந்நூறாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அதே மாலை, வந்திருந்த கவிதைகளைப் பிரித்தோம். பக்கத்து ஊர் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு பையன் பதினொரு கவிதைகள் அனுப்பியிருந்தான். மேடையில் தாளம் தட்டிச் சொல்வதற்காக எழுதப்பட்டவை என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆசிரியர் இரண்டு முறை படித்தார். "இதுல என்னமோ இருக்குங்க. நமக்குப் பழக்கமில்லாத ஒரு ஓட்டம்" என்றார். "இருக்கலாம் சார். நம்ம பத்திரிகைக்கு இல்ல" என்று சொல்லி, திருப்பி அனுப்பும் கவரில் விலாசம் எழுதியது நான்.

மேட் ரிவர் கிளென்னில் ஸ்னோபோர்டுக்கு அனுமதி கிடையாது. இரண்டு கட்டைகளில் சறுக்குகிறவர்கள் வரலாம். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்குகிறவன் வர முடியாது. அமெரிக்காவில் இப்படி விலக்குகிற மலைகள் மூன்றுதான். மற்ற இரண்டும் பணக்கார யூட்டா மலைகள் என்பதால் அவற்றை வெறுப்பது சுலபம். ஒற்றை நாற்காலிக்காகத் தம் கையிலிருந்து பணம் போட்டவர்களின் மலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே தெரியும். மொட்டைமாடியில் சொல்லாமல் விட்டேன். மறதி அல்ல. சொன்னால் வாதம் நொண்டும் என்பதால் விட்டேன்.

இதனால் அந்த நாற்காலி எனக்குக் கசந்துவிடவில்லை. பனிமூட்டத்துக்குள் தூண் தூணாக ஒவ்வொரு ஆளாக மறைந்துபோகும் படம் ஒன்று என் மேஜைக் கண்ணாடிக்கடியில், கடன் பத்திரங்களின் வட்டி அட்டவணைக்குப் பக்கத்தில், இன்னும் இருக்கிறது. மேலாளர் ஒருமுறை, "பழனி விஞ்சா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பையனின் கவிதைகளுக்கு நகல் எடுத்து வைக்கவில்லை. அவனிடமிருந்து பிறகு ஒன்றும் வரவில்லை. பத்திரிகை நின்றபோது கணக்கு நோட்டுகளும் தபால் ரிஜிஸ்டரும் என்னிடம் வந்து சேர்ந்தன. வங்கிக்காரன்தானே என்று கொடுத்துவிட்டார்கள். போன வாரம் அதைத் தேடி எடுத்தேன். மார்ச் மாதத்துப் பக்கத்தில், என் கையெழுத்திலேயே, அவன் விலாசம் இருக்கிறது. நூற்பாலை விடுதி, அறை எண் 14. அங்கேதான் இன்னும் இருக்கிறானா என்று பார்க்க ஒரு கார்டு எழுதியிருக்கிறேன்.