நரிதான் என்றேன்

1994, மாசி அமாவாசைக்கு முந்தின வாரம். கிடையில் மூன்று ராத்திரிக்குள் இரண்டு குட்டி போயிருந்தது. சித்தப்பா நாட்டுத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டார். அஞ்சு செல் பேட்டரி லைட் என் கைக்கு வந்தது. எனக்குப் பதினாறு வயது. அந்த லைட்டுக்காகவே போனேன் என்றும் சொல்லலாம்.

சாக்கு எதற்கு? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. 1991 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் வாங்கி வேட்டைக்குப் போகிற பேச்சும் இல்லை. தெரியாமல் செய்தோம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

லைட் பிடிப்பது சும்மா வேலை இல்லை. இடுப்பளவில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. விலங்கின் கண்ணுக்குள் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அது நமக்குத் தெரிய வேண்டுமானால் லைட் நம் நெற்றிப்பொட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் காடே முழித்துக்கொள்ளும். புல்லில் பனித்துளி போல மினுங்குவது சிலந்தி. ஒற்றைக் கண் சிவப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் முயல். அதற்குக் கண் பக்கவாட்டில். ஆடு வெளிச்சத்தையே வெறிக்கும். நரி பார்க்கும், தலையைத் திருப்பும், மறுபடி பார்க்கும். நடுவட்டத்தை மேலே போடாமல் வெளிச்சத்தின் ஓரத்தால் தொட வேண்டும். எல்லாம் சித்தப்பா சொல்லித்தந்தது. கூடவே இதையும் சொல்லியிருந்தார்: "கண்ணப் பாத்துச் சொல்லாதடா. உடம்பப் பாத்துச் சொல்லு."

கிளுவை வேலியோரம் இரண்டு கண். நாற்பதடி இருக்கும்.

"நாயா, நரியா?"

கண் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. நரி இவ்வளவு உயரம் வராதே என்று மனசில் ஓடியது நிஜம். ஆனால் இரண்டு மணி நேரமாகப் பனியில் நடந்த அலுப்பு. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்ல ஒரு கதையும் வேண்டும்.

"நரிதான் சித்தப்பா."

கிட்டே போய்ப் பார்த்தால் கிடைக்காரரின் செவலை நாய். கழுத்தில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிய பட்டை. எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறது.

1926 மே 2 அன்று ருத்ரப்ரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டபோது ஜிம் கார்பெட்டும் துப்பாக்கியில் டார்ச் பொருத்தியிருந்தார். அவருடைய வெளிச்சத்தில் தெரிந்தது சிறுத்தையின் தோள். சுட்ட உடனே டார்ச் அணைந்துவிட்டது. கிடைத்த அந்த ஒரு கணத்தில் உடம்பைப் பார்த்துவிட்டார் மனிதர். எனக்கோ அஞ்சு செல்லும் முழுசாக எரிந்துகொண்டிருந்தது.

"எந் தப்புடா. இன்னும் நாலு எட்டு கிட்டப் போயிருக்கணும்" என்றார் சித்தப்பா. சாகும்வரை அப்படித்தான் நம்பினார். உயரம் இடித்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை. நாயை ஓடைக்கு இழுத்துப் போய்க் கருவேல முள்ளுக்கு அடியில் தள்ளினோம்.

மறுநாள் பொழுது இறங்கியதும் கிடைக்காரர் எங்கள் வாசலில் நின்றார். "தம்பி, நாயக் காணோம். அந்த லைட்ட எடுத்துக்கிட்டு ஒரு எட்டு வாய்யா."

போனேன். நாக்கை மடித்துச் சீழ்க்கை அடித்துக்கொண்டே அவர் முன்னால் நடந்தார். ஓடைப் பக்கம் திரும்பியபோது லைட்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டேன்.