ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு புழு

எங்கள் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. போன வருஷம் ஆவணியில் அதில் புழு வந்துவிட்டது. முதலில் காக்கை எச்சம் மாதிரி இருக்கும். அப்புறம் பச்சைப் பசேலென்று கொழுத்து, கிளையையே மொட்டையடித்துவிடும். தொட்டால் சிவப்பாகக் கொம்பு நீட்டும். ஒரு நாற்றம் வேறு! எனக்கோ வயிற்றெரிச்சல். என் பெண் அதில் இரண்டைப் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, படிக்கிற மேஜையில் வைத்துக்கொண்டாள். தினமும் ஒரு நோட்டில் அதைப் படம் வரைவாள்.

பரீட்சை சமயம். அவள் பள்ளிக்கூடம் போனதும் பாட்டிலைக் குப்பையில் கவிழ்த்துவிட்டேன். சாயந்திரம் அவள் அழவில்லை, சாப்பிடவும் இல்லை. "ஒண்ணு கூடு கட்ட ஆரம்பிச்சிருந்துதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து, நூலகத்திலிருந்து கொண்டு வந்த ஒரு படப் புத்தகத்தைச் சமையல் மேடையில் விரித்து வைத்துவிட்டுப் போனாள். குழம்பு கொதிக்கக் கொதிக்கப் படித்தேன்.

மரியா சிபில்லா மேரியன் என்ற அம்மாள் 1647-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். 3 வயதில் தகப்பனார் போய்விட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டவர் பூப்படம் வரைகிற ஓவியர், அவரிடம் கற்றுக்கொண்டார். 13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார். என் பெண்ணுக்கும் அப்போது 13 வயது. எனக்குச் சுருக்கென்றது.

பூச்சியெல்லாம் சேற்றிலும் அழுகலிலும் தானாகப் பிறக்கிறது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. இந்த அம்மாள் வீட்டிலேயே புழு வளர்த்து, அந்தந்தப் புழு எந்தச் செடியின் இலையைத் தின்கிறது என்று பார்த்து, புழு, கூடு, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் அந்தச் செடியிலேயே வைத்து ஒரே படமாக வரைந்தார். 1679-ல் 50 படங்களோடு முதல் புழுப் புத்தகம் வந்தபோது சின்னப் பெண்ணுக்கு வயது ஒன்று. கைக்குழந்தையோடு எப்படித்தான் முடிந்ததோ! இதற்கு நடுவே பெண்களுக்கு எம்பிராய்டரியும் ஓவியமும் வேறு கற்றுக் கொடுத்திருக்கிறார்.

பிறகு கணவரைப் பிரிந்தார். 1699-ல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்று, அந்தச் சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவிலுள்ள சுரினாமுக்குக் கப்பலேறினார். அங்கே இருந்த டச்சுத் தோட்டக்காரர்களுக்குக் கரும்புச் சர்க்கரை ஒன்றுதான் கண்ணில் பட்டது; பூச்சி தேடுகிற இவரைக் கேலி செய்தார்கள். காய்ச்சலில் படுத்து 1701-ல் திரும்பினார். 1705-ல் 60 படங்களோடு பெரிய புத்தகம் வந்தது. முதல் படம் அன்னாசிப்பழம், அதன் மேல் கரப்பான்பூச்சி! நாம் துடைப்பத்தால் அடிப்பதை அந்த அம்மாள் எத்தனை அழகாக வரைந்திருக்கிறார்!

மயில்கொன்றையும் அதில் இருக்கிறது. எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் நிற்கிற அதே சிவப்புப் பூதான். தங்கள் பிள்ளைகளும் அடிமையாக வேண்டாமென்று அடிமைப் பெண்கள் அதைக் கொண்டு கருவைக் கலைத்துக்கொண்டார்களாம். அவர்களே தன்னிடம் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்தப் பூவைப் பறிக்கக் கை வரவில்லை.

இந்த வருஷமும் புழு வந்தது. ஒரு கிளையை அதற்கென்றே விட்டுவிட்டேன். "சாம்பாருக்குக் கறிவேப்பிலை இல்லை, புழுவுக்கு மட்டும் உண்டா?" என்று இவர் கேட்டார். கேட்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை விடிகாலை, பாட்டிலுக்குள் கூடு வெடித்து, கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்ட பட்டாம்பூச்சி, ஈரச் சிறகோடு குச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பெண்ணை எழுப்பினேன்.

"நான் பல் தேய்ச்சுட்டு வரேம்மா, அதுக்குள்ள நீ வரைஞ்சு வை" என்று பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தோடு விட்டது. ஒரு சிறகு பெரிசு, ஒரு சிறகு சின்னது. அவள் வந்து பார்த்துச் சிரித்தாள், அழிக்கவில்லை. கீழே தேதியைப் போட்டாள்.