எமரால்டில் ஒரு ராத்திரி... வாளியில் ஒரு ஏரி!

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் ஆபீஸ் கேஷியர்தான். மத்தியானம் தயிர் சாதத்தைப் பிசைந்தபடியே செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். கனடாவில் ஏதோ ஒரு ஏரி. கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை வெளேர். ஏரி மேலேயே கூடாரம் அடித்து, உள்ளே கட்டில், ஹீட்டர், காபி. தரையில் (தரை எங்கே தரை, ஐஸ்தான்!) ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை போட்டு, அதற்குள் தூண்டிலை விட்டுவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள் நாலு தடியன்கள்.

"நாமளும் போறமுங்க" என்றார் கேஷியர்.

"எங்கே, கனடாவுக்கா?"

"சம்பளம் தெரிஞ்சவன்கிட்டயே கேக்கறீங்களே! நம்ம ஊட்டிப் பக்கமுங்க. ஜனவரியில உறைபனி கொட்டுதுன்னு பேப்பர்ல போடறான்ல?"

உறைந்த ஏரி இந்தியாவில் இல்லாமல் இல்லை. லடாக்கின் பாங்காங் ஏரி குளிர்காலத்தில் கெட்டியாகி, 2023 பிப்ரவரியில் அதன் மேல் 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயமே நடத்தினார்கள். ஆனால் கோயமுத்தூரிலிருந்து லடாக் போக எங்கள் மூன்று பேரின் போனஸையும் சேர்த்தாலும் டெல்லியோடு சரி. எனவே, எமரால்டு.

பொங்கல் லீவு கூட்டம் மலை இறங்கின பிறகு, ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். கேஷியர், டெஸ்பாட்ச் தம்பி, நான். கேஷியரின் பழைய மாருதி. இ-பாஸ் எடுத்தாயிற்று. மேட்டுப்பாளையம், குன்னூர் வழி எல்லோரும் போவது. நாங்கள் காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர் வழி. 43 கொண்டை ஊசி வளைவுகள். யானை வரும் பாதை என்பதால் பகலிலேயே ஏறிவிட வேண்டும். இருபதாவது வளைவில் டெஸ்பாட்ச் தம்பி எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

கெத்தையில் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்ததும்தான் எழுந்தான். அங்கே ஒரு விஷயம். இந்தக் குந்தா மின்திட்டம் 1950களின் பிற்பகுதியில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியோடு ஆரம்பித்தது. எமரால்டு, அவலாஞ்சி அணைகளும் அதில் சேர்த்தி. ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற ஊர்க்காரன் வந்து நமக்கு ஏரி கட்டக் கை கொடுத்திருக்கிறான்! அந்தத் தண்ணீர் ஒவ்வொரு மின்நிலையமாகச் சுழன்று இறங்கி, கடைசியில் பில்லூர் அணைக்கு வருகிறது. பில்லூரிலிருந்து கோயமுத்தூருக்குக் குடிதண்ணீர்.

"அட, நம்ம வீட்டுக் குழாய்ல எட்டு நாளைக்கு ஒருக்கா வர்றவன் இவன்தானா?" என்று கேஷியர் வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டார்.

எமரால்டு சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேஷியருக்குத் தெரிந்த படுகர் பெரியவர் ஒருவருக்கு அங்கே கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம். தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை. கீழே பார்த்தால் அணை, பேருக்கேற்ற பச்சை நிறத்தில் கிடந்தது. கேஷியர் தூண்டிலோடு இறங்கப் போனார்.

"தம்பி, எங்கே? அணையில தூண்டில் போட அனுமதி வேணும். காட்டோரம் ராத்தங்கவும் விடமாட்டாங்க. நம்ம தோட்டத்துக் குட்டை இருக்கு, அதுல போடுங்க" என்றார் பெரியவர்.

குட்டை என்றால் நிஜமாகவே குட்டைதான். கேரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வெட்டினது. கனடா ஏரி கண்ணெதிரே சுருங்கி, எங்கள் ஆபீஸ் மொட்டை மாடி அளவுக்கு வந்துவிட்டது.

"ட்ரவுட் இருக்குமுங்களா?" என்றார் கேஷியர், விடாமல்.

ட்ரவுட் சாதாரண மீன் இல்லை, துரைமார் மீன். 1860களில் ராணுவ டாக்டர் ஃபிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவரப் பாடுபட்டுத் தோற்றார். கப்பலில் வருகிற வழியிலேயே சூடு தாங்காமல் முட்டைகள் செத்துப் போயின. பிறகு 1907இல் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ட்ரவுட் இந்த மலை ஓடைகளில் குடியேறியது. அதற்குச் சில்லென்று ஓடுகிற தண்ணீர் வேண்டும். கேரட் குட்டைக்கு வருமா? பெரியவர் சிரித்து, "இதுல காமன் கார்ப் விட்டிருக்கேன். அதுவே கடிச்சா உங்க அதிர்ஷ்டம்" என்றார். அதுவும் வெளியூர்க்காரன்தான். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது.

ஐந்தரைக்கு வெயில் மலைக்குப் பின்னால் போனதுதான் தாமதம், யாரோ ஃபேனைப் போட்ட மாதிரி குளிர் இறங்கியது. மங்கி குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மேலே கம்பளி. கோதுமை மாவு உருண்டையை முள்ளில் கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். தக்கை அசையவே இல்லை. குளிரில் மீனுக்கும் பசி மந்தம். அது நம்மைப் போல உடம்புச் சூட்டைக் காப்பாற்றுகிற ஜாதி இல்லை, தண்ணீர் எப்படியோ அதுவும் அப்படி.

எட்டரை மணிக்கு மேல் தாங்கவில்லை. கொட்டகைக்குள் போய்விட்டோம். மூலையில் ஒரு இரும்புச் சட்டியும் அரை மூட்டை மரக்கரியும் இருந்தன. சட்டியில் கரியைப் போட்டுக் கணகணவென்று மூட்டி நடுவில் வைத்தார் கேஷியர். புகை கொஞ்சமும் இல்லை. என்ன சுகம்! கதவிடுக்கில் காற்று வருகிறதென்று நான்தான் கோணிப் பையைச் சுருட்டி அடைத்தேன். ஜன்னல் ஓட்டையில் டெஸ்பாட்ச் தம்பியின் துண்டு.

கொஞ்ச நேரத்தில் தம்பி, "தலை கனக்குதுங்ணா" என்றான். "43 வளைவு ஏறினா கனக்காம என்ன செய்யும்? கம்முனு படு" என்றேன். எனக்கும் நெற்றியில் வலி. கேஷியர் தண்ணீர் குடிக்க எழுந்தார். எழுந்தவர் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. யாரோ கதவைத் தட்டுவது கேட்டது. திறக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் அது ஏதோ பக்கத்து வீட்டு வேலை மாதிரி, எனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி இருந்தது.

துருப்பிடித்த தாழ்ப்பாள். பெரியவர் உதைத்த உதையில் பிய்த்துக்கொண்டது. பனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தோட்டத்தைப் பார்க்க வந்தவர், கதவிடுக்கில் கோணியைப் பார்த்திருக்கிறார். கேஷியரைக் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்தார். அடுத்து தம்பி. நான் தவழ்ந்து வந்தேன். கேஷியர் வாசலிலேயே வாந்தி எடுத்தார். பெரியவர் திட்டின திட்டில் பாதி படுகு மொழி. புரியாதது நல்லதாகப் போயிற்று.

கார்பன் மோனாக்சைடு. மூடின அறையில் எரிகிற கரி விடுகிற வாயு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டில், அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். புகை வந்தாலாவது இருமுவோம், ஓடுவோம். இது தூக்கம் வருகிற மாதிரி வரும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் சிக்கன் சுட்ட கரி அடுப்பை அறைக்குள்ளேயே வைத்துத் தூங்கின இரண்டு வாலிபர்கள் எழுந்திருக்கவில்லை. பேப்பரில் நானும் படித்தேன். படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினேன்.

மறுபடி உள்ளே போகப் பெரியவர் விடவில்லை, எங்களுக்கும் தைரியமில்லை. குட்டைக் கரையில் விறகைப் போட்டு மூட்டினார். அவர் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் சுடச்சுடக் காபி வந்தது. ஆக, வீடியோவில் பார்த்தபடியே விடிய விடியத் தண்ணீர்க் கரையில்தான் இருந்தோம். தூண்டிலும் அதுபாட்டுக்குக் கிடந்தது.

இரண்டு மணிக்கு மேல் பக்கத்துப் புல் வெளுக்க ஆரம்பித்தது. உறைபனி வானத்திலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. காற்றைவிடத் தரை சில்லிட்டு, அதன் மேல் படிகிற ஈரம் அப்படியே உப்பு மாதிரி உறைகிறது. கேரட் இலை, கார் கண்ணாடி, கழற்றி வைத்த என் செருப்பு, எல்லாம் வெள்ளை. தேயிலைக்கும் காய்கறிக்கும் இது எமன். ஒரே வாரத்தில் கருகிவிடும். அதற்காகவே பெரியவர் விடிவதற்குள் ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டு இலைகளைக் கழுவினார்.

அணை மட்டும் உறையவில்லை. ஏரி உறைய வேண்டுமானால் மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே போகும், கீழ்த் தண்ணீர் மேலே வரும். இப்படி மொத்தமும் 4 டிகிரிக்கு இறங்கின பிறகுதான் மேல்பரப்பு அதற்கும் கீழே போய்க் கட்டியாகும். பகலில் நல்ல வெயில் அடிக்கிற ஊரில் ஒரு ராத்திரியில் நடக்கிற காரியமா? கனடாவில் வாரக்கணக்கில் குளிர்ந்து 4 அங்குலம் தெளிந்த ஐஸ் ஆனால்தான் ஆள் நடக்கிறான். எமரால்டு அணையோ விடிகாலையில் அண்டாவில் வெந்நீர் போட்ட மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் கொட்டகை வாசலில் வைத்திருந்த வாளி! மேலே கண்ணாடித் தட்டு மாதிரி ஒரு ஐஸ். கேஷியர் முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார், விரலால் நடுவில் ஒரு ஓட்டை போட்டார், தூண்டில் முள்ளை உள்ளே விட்டார்.

"ஒரு போட்டோ எடுங்க. கனடான்னு சொல்லிக்கலாம்."

குட்டைத் தக்கை ஐந்தரைக்கு ஒருமுறை முங்கியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கார்ப். தம்பி அதைக் கழற்றித் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஊட்டியில் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நேத்து ராத்திரியே வந்திருக்கணும். வெளிக்காத்து பட்டதும் சரியாயிட்டோம்னு நீங்களா முடிவு பண்ணீங்களா?" என்று அங்கே இரண்டாவது ரவுண்டு திட்டு. பரிசோதித்து, சாயங்காலம் வரை உட்கார வைத்துத்தான் அனுப்பினார்.

திங்கட்கிழமை மத்தியானம் அதே தயிர் சாதம். கேஷியர் அதே வீடியோவை மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை மீனை யாரும் பார்க்கவில்லை. கூடாரத்தின் மேல்பக்கம் ஒரு ஜன்னல், அவ்வளவு குளிரிலும் திறந்தே இருந்தது. ஹீட்டருக்கு எதிர் மூலையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கியது. அந்த வாயு வந்தால் கத்துகிற அலாரம். முதல் தடவை பார்த்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

கேஷியர் வீடியோவை நிறுத்தி, விரலால் அந்தப் பெட்டியைப் பெரிதாக்கினார்.

"இது என்ன விலை இருக்குமுங்க?"