எங்கள் வீட்டுத் தண்டல்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் 'பெரட்டு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. விடியுமுன் தண்டல் பெயர் கூப்பிட, எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். லாயாங் லாயாங்கில் எங்கள் வீட்டில் இப்போது நாளுக்குப் பத்துப் பெரட்டு. தண்டலுக்கு வயது பத்தொன்பது நாள், எடை மூன்று கிலோ. பெயர் கூப்பிடத் தெரியாது, ஓர் அழுகைதான். மனைவி, மாமியார், நான் எல்லாரும் ஆஜர்!

பச்சைக் குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று தாதி சொன்னார். அத்தனையையும் இரண்டு மூன்று மணி நேரத் தவணையில்தான் தூங்குகிறாள். ரயில் சத்தத்துக்கு அசையாத மகள், நான் சாப்பாட்டுத் தட்டை எடுக்கும் ஓசைக்கு விழித்துவிடுகிறாள். ஸ்பிரிங் தொட்டிலை ஆட்டி ஆட்டி முதலில் தூங்கிப்போவது நான்தான்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியுமாம். மடியில் கிடப்பவளுக்கும் குனிந்து பார்ப்பவர் முகத்துக்கும் உள்ள தூரம் அது. அதற்குள் அப்பன் முகமும் இருக்க வேண்டுமென்றால், அப்பன் வீட்டில் இருக்க வேண்டுமே!

நான் பிறந்த மறுநாளே என் அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரம் வெட்டப் போய்விட்டார். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. தனியார் துறைத் தந்தையருக்கு 7 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையைத் தீபகற்ப மலேசியாவில் சட்டம் கட்டாயமாக்கியதே 2023 ஜனவரி 1 முதல்தான். தாய்மாரின் 60 நாள் விடுமுறை 98 நாளானதும் அன்றிலிருந்துதான். அப்பாவுக்குக் கிடைக்காத ஏழு நாள் எனக்குக் கிடைத்தது. ஆனால் அது முடிந்தபோது மகளின் தொப்புள்கொடிகூட விழுந்திருக்கவில்லை. இப்போது வேலை முடிந்து வந்ததும், நள்ளிரவு முதல் மூன்று மணி வரையிலான பெரட்டு என் பொறுப்பு.

தம்பிமார்களே, பட்டம் வாங்கி வேலைக்குப் போவீர்கள், அப்பாவும் ஆவீர்கள். அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

என் அப்பா இப்போது தினமும் மாலையில் வந்து பேத்தியை மடியில் வைத்துக்கொள்கிறார். என்னை எப்போது முதலில் தூக்கினார் என்று கேட்டால், நினைவில்லையாம். பெம்பர்ஸ் மாற்ற வேண்டிய நேரம் மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. அப்போது பார்த்துக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்!