நாமக்கல் சாலையில் ஒரு பாட்டுப் பயணம்

சேலத்திலிருந்து நாமக்கல் அப்படியொன்றும் தூரமில்லை. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். சீலநாயக்கன்பட்டி தாண்டினால் மல்லூர், பிறகு ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், அப்புறம் நாமக்கல். இடது பக்கம் போதமலை கூடவே வரும். கொஞ்சம் போனதும் தூரத்தில் கொல்லிமலை நீலமாகத் தெரியும். சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, கோழிப் பண்ணை, நடுநடுவே லாரி பட்டறை. 1997 ஜனவரி வரை இந்தப் பகுதி முழுவதும் சேலம் ஜில்லாதான். எங்களுக்கு இன்றைக்கும் இது ஒரே ஊர்!

இந்தச் சாலையில் ஓடும் தனியார் பஸ்களுக்கு ஒரு பெருமை உண்டு. பாட்டு! இரண்டு பஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எதில் நல்ல பாட்டு ஓடுகிறது என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு ஏறுகிறவர்கள் இங்கே ஏராளம். சென்ற கோடையில் என் மகனும் அப்படித்தான் ஒரு பஸ்ஸைப் பிடித்தான். ப்ளஸ் ஒன் முடித்திருக்கிறான். ஜன்னலோரம் இடம் இருந்தும் உட்காரவில்லை. மேலே ஸ்பீக்கர் பொருத்தியிருந்த இடத்துக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டான்.

"அம்மா, இதுல பேஸ் நல்லா இருக்கு. ஆனா மேல் சத்தம் கரகரங்குது" என்றான். நான் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளை ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது!

நாங்கள் போனதே அந்த விஷயமாகத்தான். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூர் என் பிறந்தகம். அங்கே என் அண்ணன் வெகுகாலம் மைக் செட் வைத்திருந்தார். இப்போது தொழிலை விட்டுவிட்டார். பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் ஸ்பீக்கர் பெட்டி இரண்டும் மாட்டுக் கொட்டகையில் கிடப்பதாகச் சொல்லியிருந்தார். அதை வாங்கி வந்து வீட்டில் வைக்க வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை. "ப்ளஸ் டூ படிக்கிற வருஷத்துல இது எதுக்கு? நான் ஒரு ரூபாய் தரமாட்டேன்" என்று அவன் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை உண்டியலை உடைத்துவிட்டான். நடுவில் நான்!

"எப்படிடா உனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"நண்பன் வீட்ல பெரிய பாக்ஸ் ரெண்டு இருக்கும்மா. நான் போன்ல நூறு தடவை கேட்ட பாட்டுத்தான். அதுல போட்டப்ப அடியில ஒரு கிட்டார் தனியா ஓடுது. அது இருக்கிறதே எனக்கு அன்னிக்கித்தான் தெரியும்."

இந்தப் பதிலை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும்தான் விளங்கியது.

அண்ணன் கொட்டகையைத் திறந்து தூசி தட்டிக் காட்டினார். அஹுஜா ஆம்ப்ளிஃபையர், குழாய் ஸ்பீக்கர்கள், மரப் பெட்டிகள். எங்கள் பக்கத்தில் சீர், கல்யாணம், மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் வேப்ப மரத்து உச்சியில் குழாயைக் கட்டிவிடுவார்கள். சத்தம் இரண்டு மூன்று ஊருக்குக் கேட்கும். "குழாய்க்கு உள்ளே இருக்கிற தகடு சின்னது. குழாய் வழியா வர்றதால சத்தம் ரொம்ப தூரம் போகும். ஆனா மிருதங்கத்தோட தொப்பி, கிட்டாரோட அடி ஸ்வரம் மாதிரி தாழ்ந்த சத்தமெல்லாம் அதுல வராது. அதுக்கு நீளமும் அகலமும் பத்தாது" என்று மருமகனுக்கு விளக்கினார். பாதிப் பாட்டைத்தான் ஊரே கேட்டிருக்கிறது!

"மாமா, உங்களுக்கு எப்படி இந்த ஆசை வந்தது?" என்று கேட்டான் பையன்.

அண்ணன் சொன்னது 1980-களின் கதை. அப்போது சேலத்திலும் நாமக்கல்லிலும் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர் உண்டு. பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு. ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அதற்குள் நான்கு தடவை போய் நிற்பாராம் அண்ணன். கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி உலகுக்குத் தந்தது 1963-இல். அமெரிக்காவில் 1958-லேயே ஸ்டீரியோ இசைத்தட்டு விற்பனைக்கு வந்துவிட்டது. நம் தமிழ்ப் பாட்டில் அது பேசப்பட்டது இருபது வருஷம் கழித்து, 1978-இல் 'ப்ரியா' வந்தபோதுதான். அந்தப் படத்தின் பாட்டுகளைத்தான் கடைக்காரர் இரண்டு பெட்டிகளில் போட்டுக் காட்டினாராம்.

"திருவிழாவுல ஆயிரம் தடவை குழாய்ல போட்டிருப்பாங்க அம்மிணி. ரெண்டு பாக்ஸ்ல கேட்டப்ப ஒரு பக்கம் கிட்டார், ஒரு பக்கம் வயலின். நடுவுல பாடறவங்க வந்து நிக்கறாப்பல இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை" என்றார்.

பார்த்தீர்களா? மாமனுக்கும் மருமகனுக்கும் நாற்பது வருஷ இடைவெளி. கதை ஒன்றுதான்! தெரிந்த பாட்டில் தெரியாத ஒன்று கேட்டுவிட்டால் போதும், அப்புறம் அந்த மனுஷர் வீட்டில் வயரும் பெட்டியுமாகத்தான் இருக்கும்.

அதுவரை திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "அவனுக்கு முன்னாலயே எனக்கு அந்தப் பைத்தியம் உண்டு கண்ணு" என்றார் பேரனிடம்.

அம்மாவுக்கு இப்போது வயது எழுபத்தைந்து. கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. போட்டவுடன் பாடாது. வால்வு சூடேற வேண்டும். அப்புறம் பச்சைக் கண் ஒன்று மெல்ல விழிக்கும். ஆள் உயரத்துக்கும் மேலே பலகை அடித்து, பூப்போட்ட துணி மூடி, ஆசாரத்தில் வைத்திருந்தார் அப்பா. தபாலாபீசில் பணம் கட்டி ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டிய காலம் அது. 1980-களில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. பெண்பிள்ளைகள் கை அந்தப் பெட்டியில் படாது. அடுப்படியில் இருந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியதுதான்.

அப்பா முள்ளைத் திருச்சியில் வைத்திருப்பார். 1939-இல் தொடங்கிய நிலையம் அது. செய்தி, வேளாண்மை, கச்சேரி எல்லாம் அதில்தான். அவர் காட்டுக்குப் போனதும் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி முள்ளை இலங்கைக்குத் திருப்புவாராம்! பொங்கும் பூம்புனல், ராஜேஸ்வரி சண்முகம் குரல், கே.எஸ்.ராஜாவின் வேகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அப்பா வருவதற்குள் முள் மறுபடி திருச்சிக்கு வந்துவிடும். துணியின் மடிப்புக்கூட மாறாது.

"எங்கூர்ல கோயில் குழாயிலதான் சுசீலா பாட்டுக் கேட்டிருக்கறேன். ஸ்டூல் மேல நின்னு பொட்டிகிட்டக் காதை வெச்சுக் கேட்டப்ப, அந்தம்மா அடிக்கு அடி நடுவுல மூச்சு இழுக்கறதுகூடக் கேட்டுச்சு சாமி!"

ஐம்பது வருஷம் அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அண்ணனை ஊர் 'பாட்டுப் பைத்தியம்' என்று பெருமையாகச் சொன்னது. அம்மாவுக்கு அப்படி ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் ஸ்பீக்கர்களை நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். காகிதக் கோன் கிழிந்து போயிருந்தது. மலைக்கோட்டை தெரியும் ஒரு சந்தில் மெக்கானிக் கடை. லாரிகளில் பாட்டுப் பெட்டி பொருத்துவதும் அவர்தான். நாள் கணக்கில் வண்டியிலேயே வாழ்கிற டிரைவர்களுக்குப் பாட்டுத்தானே துணை! அவர் கிழிந்த கோனைச் சுரண்டி எடுத்தார். செம்புக் கம்பி சுற்றிய புதுக் காயிலை வைத்து, அது காந்தத்தில் உரசாமல் இருக்கச் சுற்றிலும் பழைய எக்ஸ்ரே பிலிம் துண்டுகளைச் செருகிப் பசை தடவினார். "ஏனுங்க அக்கா, ராத்திரி பூரா காயணும். அவசரப்பட்டா சத்தம் உடைஞ்சிரும்" என்றார். புது ஸ்பீக்கர் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை. பிள்ளையின் உண்டியல் பணமே போதும்!

மூன்றாம் நாள் ஆசாரத்தில் எல்லாவற்றையும் மாட்டினார்கள். அம்மாவை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான் பேரன். அவருக்கு மனப்பாடமான ஒரு பழைய சுசீலா நாட்டியப் பாட்டைப் போட்டான். வால்யூம் குமிழைத் திருகும் வேலையை அம்மாயி கையிலேயே கொடுத்தான். ஸ்டூல் இல்லாமல், ஒளிவு மறைவு இல்லாமல் அம்மா பெட்டியைத் தொட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். பூரித்துப் போனார்.

பாட்டு முடிந்தது. "நல்லா இருக்குது கண்ணு. ஆனா இதுல சலங்கை வருமே, அதை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

பையன் சின்ன ஸ்பீக்கரின் வயரைப் பார்த்தான். அண்ணன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி போட்டார்கள். சலங்கை கணீரென்று கேட்டது, எங்கள் மூன்று பேருக்கும். அம்மா மட்டும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் பேசவில்லை.

வயதாகும்போது காதில் முதலில் குறைவது உச்ச ஒலிகள். சலங்கை, ஜால்ரா, குருவிச் சத்தம் போகும். பேச்சில் ச, த, ப போன்ற எழுத்துகள் மங்கும். தாழ்ந்த சத்தம் நன்றாகக் கேட்பதால், காதில் குறை இருப்பது அவர்களுக்கே தெரியாது. "சத்தம் கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியலை" என்று பெரியவர்கள் சொன்னால் அதுதான் அடையாளம். கொஞ்ச நாளாக அம்மா அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கவனக் குறைவு என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

சேலத்துக்குக் கூட்டிவந்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினோம். ஆடியோகிராம் எடுத்தார்கள். காதில் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தும் சோதனை, வலி இல்லை. இரண்டு காதிலும் உச்ச ஒலி குறைந்திருந்தது. கருவி வைத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் "பாத்திரம் விழுந்தா இடி விழுந்தாப்பல இருக்குது" என்று கழற்றிக் கழற்றி வைத்தார். இப்போது பழகிவிட்டது. பாட்டு முன்போல இல்லை என்கிறார். ஆனால் பேரப்பிள்ளைகள் பேசுவது புரிகிறது. சலங்கையும் லேசாகக் கேட்கிறதாம்.

இதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சண்டையும் ஒருவழியாகத் தீர்ந்தது. ஆம்ப்ளிஃபையர் சேலம் வந்துவிட்டது. அவன் அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. சில சட்டங்கள் மட்டும் போட்டிருக்கிறோம். உங்களுக்கும் உதவும், சகோதரிகளே.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபெல் சத்தத்தில் வாரம் 40 மணி நேரம். அதுவே 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! குழந்தைகளுக்கு 75 டெசிபெல்லில் 40 மணி நேரம். எண் கணக்கு பார்க்க முடியாதவர்களுக்கு ஒரு சுலப வழி: பாட்டு ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், சத்தம் அதிகம். இயர்போனை 60 சதவீதத்துக்கு மேல் வைக்க விடாதீர்கள். காதில் ரீங்காரம் கேட்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

பெட்டிகளைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் 'கும்' என்று இரைச்சலாகும். கொஞ்சம் தள்ளி, உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வையுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அதே தூரம் தள்ளி உட்காருங்கள். குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கும். விசேஷ வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. சில விழா நாட்களுக்கு மட்டும் அரசு விலக்கு தரும். கைக்குழந்தையைக் குழாய்க்கு நேரே உட்கார வைக்காதீர்கள்.

இன்னொன்று. அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களை நடுவில் உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். குமிழை அவர்கள் கையில் கொடுங்கள். முடிந்ததும் அதில் என்னென்ன கேட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். மாமியாராக இருந்தாலும் சரி, அம்மாவாக இருந்தாலும் சரி, அவர்கள் ஏறி நின்ற ஸ்டூல் கதையும் கூடவே வந்தாலும் வரும்!