அம்மை கண்ட கறுப்பி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு கோழிகள். போன ஐப்பசி மழையில் கொசு மொய்த்தது; கோழிக்கு அம்மை வந்துவிட்டது. முதலில் செவலைக்குக் கொண்டையில் மரு மருவாக எழும்பியது. "தானே உதிர்ந்துடும்" என்று இருந்துவிட்டேன். கண் மூடிப்போனதைக் கவனிக்கவில்லை. தீனி பக்கத்திலேயே இருந்தும் பார்வை இல்லாமல் பட்டினியில் செத்துப்போயிற்று. அந்தப் பாவம் என்னுடையதுதான்.

அடுத்தது கறுப்பி. உடனே கூடையில் தனியே வைத்தேன். காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, காலையும் மாலையும் கண்ணைத் துடைத்தேன். பொருக்கைப் பிய்க்கவில்லை, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்து, கண்ணில் படாமல் தடவினேன். கம்பஞ்சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டினேன்.

"கோழிக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்று மாமியார் சிரித்தார். பத்தாம் நாள் ஒரு கண் திறந்தது. அன்று குறுணை அரிசி கொண்டுவந்து போட்டது அவர்தான்!

"இதுக்கு மருந்து கிடையாதும்மா, தடுப்பூசிதான்" என்றார் கால்நடை டாக்டர். நோய் தொடாத நான்குக்கும் போட்டுக்கொண்டு வந்தோம்.

சகோதரிகளே, உங்கள் கோழிக்கு அம்மை கண்டால் முதலில் கண்ணைப் பாருங்கள். பார்வை மறைந்தாலும் பசி மறைவதில்லை.