தந்தையாரின் தம்புரா

கம்பியில்லா ஹெட்போன் ஒன்றை என் செவிகளில் மாட்டி, "அப்பா, அப்பப்பாவின்ரை பாட்டைக் கேட்டுப் பாருங்கோ" என்றான் மகன். காலஞ்சென்ற என் தந்தையார் 1994இல் ஒலிநாடாவிற் பதிவுசெய்த ஆலாபனை அது. குரல் தெளிவே. தம்புராவோ நீருக்கடியிலிருந்து ஒலிப்பதுபோற் குழம்பியது.

குற்றம் புளூடூத்தினது என்றே எண்ணினேன். அதுவும் ஒலியைச் சுருக்கியே அனுப்புகின்றது. ஆயினும், கம்பி பூட்டிய பழைய ஹெட்போனிலும் அக்குழப்பம் தீர்ந்தபாடில்லை.

பின்னரே கோப்பை ஆராய்ந்தேன். எம்பி3, விநாடிக்கு 32 கிலோபிட் மாத்திரமே! குறுந்தட்டில் இவ்வளவு ஏறக்குறைய 1,411 ஆகும். உரத்த ஒலிக்கு அயலிலுள்ள மெல்லொலியைச் செவி உணர்வதரிது. அத்தகையவற்றைக் கழித்தே எம்பி3 கோப்பைச் சிறிதாக்குகின்றது. அளவோடு கழித்தால் குறை புலப்படாது. 256 கிலோபிட் எனில் நானும் அறிந்திருக்கமாட்டேன். இங்கோ கழிவு எல்லை மீறிற்று. குரலின் அருகே நின்ற தம்புராவே பலியாயிற்று. இழந்ததை எத்துணை விலையுயர்ந்த ஹெட்போனும் மீட்டுத்தராது.

நாடாவைக் கோப்பாக்கித் தந்த கடைக்காரரை நோவானேன்? கைப்பேசியில் இடம் மிஞ்சவேண்டுமென்று, கோப்பைச் சிறிதாக்கும்படி கேட்டவன் நானே.

மூல ஒலிநாடா வீட்டில் எங்கோ இருத்தல் வேண்டும். நேற்றும் அலுமாரிகளையெல்லாம் கிளறினோம்; இன்னும் கிடைக்கவில்லை.